எந்த உலாவி நமக்கு? சுங்கை சிப்புட்டிலிருந்து புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் கணினியும் கைப்பேசியும் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் அங்கே ஓர் அக்கா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, இப்போது பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகளோடு இருக்கிறார். கைப்பேசியை மேசைமேல் வைத்தார். உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அது ஆறு முறை மணியடித்துவிட்டது. "உங்கள் கைப்பேசியில் வைரஸ்", "நீங்கள் 5,000 வெள்ளி வென்றிருக்கிறீர்கள்", "உங்கள் பொட்டலம் காத்திருக்கிறது". குரோமைத் திறந்து பார்த்தேன். எத்தனை பக்கங்கள் திறந்திருக்கின்றன என்று காட்டும் சின்னச் சதுரத்தில் எண் இல்லை. சிரிப்பு முகக் குறி இருந்தது. நூறு பக்கங்கள் திறந்து கிடந்தால் குரோம் எண்ணுவதை விட்டுவிட்டு அப்படித்தான் காட்டும்.

"சார், வேறு உலாவி போட்டால் இதெல்லாம் நின்றுவிடுமா?" என்று கேட்டார்.

பாதி நிற்கும் என்றேன். மீதிப் பாதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அன்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து செய்துகாட்டினேன். அவருக்குச் சொன்னதையும், அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்களுக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் தோட்டப்புறப் பெரியவர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் இன்று ஒரு கைப்பேசித் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "நான் கூகுள்தான் பயன்படுத்துகிறேன்" என்று பலர் சொல்கிறார்கள். கூகுள் என்பது தேடித் தரும் தளம். அந்தத் தளத்தையும் மற்ற எல்லாத் தளங்களையும் திறந்து காட்டும் செயலிதான் உலாவி. மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகிறீர்கள், வழியில் ஒருவரிடம் இடம் கேட்கிறீர்கள். மோட்டார்தான் உலாவி, வழி சொல்பவர் கூகுள். குரோம் என்ற மோட்டாரைச் செய்தவரும் வழி சொல்பவரும் ஒரே நிறுவனம் என்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. ஃபயர்பாக்ஸில் உட்கார்ந்துகொண்டும் கூகுளில் தேடலாம்.

முதல் படி: வேலைகளை எழுதுங்கள்

உலாவிகளை ஒப்பிடுவதற்கு முன், ஒரு தாளில் நீங்கள் இணையத்தில் செய்யும் வேலைகளை எழுதுங்கள். வங்கி, கேடபிள்யூஎஸ்பி எனும் ஊழியர் சேமநிதிக் கணக்கு, வருமான வரி, பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்கான டெலிமா இணைய வகுப்பு, ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ இடிஎஸ் ரயில் டிக்கெட், தமிழ் நாளிதழ், சமையல் குறிப்பு, பக்திப் பாடல், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பு. எழுதி முடித்ததும் நடுவே ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் இடங்கள் ஒரு பக்கம். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரும் இடங்கள் மறுபக்கம்.

இந்தக் கோடுதான் முக்கியம். நான் யாருக்கும் ஒரே ஓர் உலாவியைப் பரிந்துரைப்பதில்லை. இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கோட்டின் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

இரண்டாம் படி: கையில் இருக்கும் கருவியைப் பாருங்கள்

அமைப்புகளில் "கைப்பேசியைப் பற்றி" என்ற பகுதியைத் திறந்தால் நினைவகம் எத்தனை ஜிபி என்று இருக்கும். 3 அல்லது 4 ஜிபி என்றால், எந்த உலாவி போட்டாலும் ஐந்தாறு பக்கங்களுக்கு மேல் திறந்து வைக்காதீர்கள். "குரோம் மெதுவாக இருக்கிறது" என்று என்னிடம் வந்த கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் உலாவியுடையது அல்ல. மூடாத பக்கங்களும், படங்களால் நிரம்பி வழியும் சேமிப்பிடமும்தான் காரணம்.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு. அது 2023 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகள் எதுவும் அந்தக் கணினியில் அடைபடவில்லை. ஃபயர்பாக்ஸின் 115ஆம் பதிப்பு அதற்குப் பின்னும் வெகுநாள் பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்து வந்தது. ஆனாலும் அடியில் இருக்கும் விண்டோஸே ஓட்டையாக இருக்கும்போது மேலே எதைப் போட்டாலும் அதில் வங்கிக் கணக்கைத் திறக்க நான் சம்மதிக்க மாட்டேன். பாட்டுக் கேளுங்கள், செய்தி படியுங்கள். பணத்துக்கு வேறு கருவி.

மூன்றாம் படி: யார் யாருக்குச் சொந்தம்

கடையில் பத்து உலாவிகள் இருப்பதுபோல் தோன்றினாலும் குடும்பங்கள் மூன்றுதான். கூகுள் 2008இல் குரோமை வெளியிட்டது. அதன் அடித்தளமான குரோமியத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்ததால், மற்றவர்களும் அதன்மேலேயே கட்டினார்கள். ஓப்பரா 2013இல் அதற்கு மாறியது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2015இல் தனி அடித்தளத்தோடு வந்து, 2020இல் இதே குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. பிரேவும், சாம்சங் கைப்பேசிகளில் வரும் சாம்சங் இன்டர்நெட்டும் இதே வீட்டுப் பிள்ளைகள். மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் தனிக் குடும்பம். முதல் பதிப்பு 2004 நவம்பரில் வந்தது. ஆப்பிளின் சஃபாரி மூன்றாவது.

இது தெரிந்திருந்தால் என்ன பயன்? ஒரு விண்ணப்பப் பக்கம் குரோமில் திறக்காமல் சண்டித்தனம் செய்தால், எட்ஜில் போய் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கேயும் பெரும்பாலும் அதே கதைதான். ஃபயர்பாக்ஸில் பாருங்கள். அதனால் இரண்டு உலாவி வைப்பவர்கள் வெவ்வேறு குடும்பத்திலிருந்து எடுப்பது நல்லது.

இதில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஒரு காலத்தில் எல்லோரும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற ஒன்றையே நம்பியிருந்தார்கள். அதில் மட்டுமே ஓடும்படி அலுவலகப் பக்கங்களைக் கட்டிவைத்து, பிறகு அதிலிருந்து வெளியே வர வருடக்கணக்கில் திண்டாடினார்கள். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15இல்தான் அதற்கு விடைகொடுத்தது. எல்லோரும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டால் வீட்டுக்காரர் சொல்வதுதான் சட்டம். ஃபயர்பாக்ஸ் உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ் என்று எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் அடித்தளம்தான். ஆப்பிள் அப்படி விதி வைத்திருக்கிறது. அங்கே வேகத்தை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. வசதிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

இணையத்தில் "இதுதான் வேகமானது" என்று பட்டியல் போடுகிறவர்கள் நல்ல கருவியில், நல்ல இணைப்பில் சோதிக்கிறார்கள். நம் நிலைமை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்து வீட்டில், பின்புறம் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றால்தான் 4ஜி இரண்டு கோடு வரும். உள்ளே வந்தால் ஒன்று, அதுவும் போய்ப்போய் வரும். அந்த வீட்டுக்கு எது நல்லது என்பதை அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுதான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு உலாவிகளை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கும்போது பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். தினமும் நீங்கள் போகும் ஐந்து பக்கங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதில் விளம்பரம் நிறைந்த ஒரு செய்தித் தளம் கட்டாயம் இருக்கட்டும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வைஃபையை நிறுத்திவிட்டு, முதலில் ஒன்றில் ஐந்தையும் திறந்து பாருங்கள். பிறகு மற்றதில். எழுத்து வாசிக்கும்படி வர எத்தனை விநாடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குப் போய், ஒவ்வோர் உலாவியும் எவ்வளவு மொபைல் தரவு தின்றது என்று பாருங்கள். மூன்று நாள் மாலையில் இப்படிச் செய்தால் போதும், எது தேறும் என்று தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்தவரை, விளம்பரத் தடை இல்லாத நிலையில் உலாவிகளுக்கு இடையே பெரிய வேறுபாடு வராது. விளம்பரத்தைத் தடுத்துவிட்டால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஒரு செய்தியை வாசிக்க நாம் பக்கத்தைத் திறக்கிறோம். ஆனால் தரவில் பெரும்பங்கைத் தின்பவை ஓரத்தில் ஓடும் விளம்பரப் படங்களும், நம்மைப் பின்தொடரும் நிரல்களும்தான். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகள், அதாவது உலாவிக்குள் சேர்க்கும் சிறு துணைச் செயலிகள், சேர்க்க வழியில்லை. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடை நீட்சியைச் சேர்க்கலாம். பட்டியலில் மூன்று புள்ளியைத் தொட்டு, நீட்சிகள் என்ற இடத்தில் தேடினால் கிடைக்கும். கணினிக் குரோமும் நீட்சிகளுக்கான பழைய முறையை நிறுத்திவிட்டதால், அங்கே இப்போது அதன் சிறிய வடிவம்தான் ஓடுகிறது. முழு வடிவம் வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ்தான். எதையும் சேர்க்கத் தெரியாது, போட்டதும் வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்கு பிரேவ் இருக்கிறது. விளம்பரத் தடை அதில் தொடக்கத்திலிருந்தே இயங்கும். கிரிப்டோ, வெகுமதி என்று அது காட்டுவதை மட்டும் தொடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். நம் தமிழ் நாளிதழ்களும் சிறு தமிழ்த் தளங்களும் அந்த விளம்பர வருமானத்தில்தான் ஓடுகின்றன. நீங்கள் நம்பி வாசிக்கும் தமிழ்த் தளத்துக்கு மட்டும் தடையை நீக்கிவிடுங்கள். நீட்சியின் பெரிய பொத்தானை அந்தத் தளத்தில் ஒருமுறை தொட்டால் போதும்.

தரவு மிச்சம் பிடிப்பதற்கு ஓப்பரா மினியைச் சிலர் சொல்வார்கள். அதன் கடும் சுருக்க முறையில், பக்கம் முதலில் ஓப்பராவின் கணினிக்குப் போய்ச் சுருங்கிவிட்டு உங்களிடம் வருகிறது. செய்தி படிக்க அது நன்று. ஆனால் நடுவில் இன்னொருவர் கணினி நின்று பக்கத்தைப் பிரித்துப் பார்க்கிற அந்த வழியில் கடவுச்சொல் போகக் கூடாது. வங்கிக்கு வேண்டவே வேண்டாம்.

ஐந்தாம் படி: இரண்டாகப் பிரியுங்கள்

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நான் அமைத்துக் கொடுப்பது இப்படி: பெயர் சொல்லி நுழையும் இடங்களுக்குச் சுத்தம் செய்த குரோம் (எப்படி என்று ஆறாம் படியில் சொல்கிறேன்), சும்மா உலாவும் இடங்களுக்கு யுபிளாக் போட்ட ஃபயர்பாக்ஸ். ஐபோனில் நுழைவதற்கு சஃபாரி, உலாவுவதற்கு பிரேவ். ஐபோன் ஃபயர்பாக்ஸில் நீட்சி சேர்க்க முடியாது. மடிக்கணினியில் எட்ஜும் ஃபயர்பாக்ஸும்.

பிறகு இதைத் தவறாமல் செய்யுங்கள்: அமைப்புகளில், இயல்புநிலைச் செயலிகள் என்ற இடத்தில், உலாவும் உலாவியை இயல்புநிலையாக வையுங்கள். கடவுச்சொற்களைச் சேமிப்பது மட்டும் நுழையும் உலாவியில் இருக்கட்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில், குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டால் அது இயல்புநிலை உலாவியில் திறக்கும். வங்கிப் பக்கம் போலவே வேடம் போட்ட போலிப் பக்கம் ஒன்று வந்தாலும், அது உங்கள் கடவுச்சொல் எதுவும் இல்லாத உலாவியில்தான் வந்து நிற்கும். "வங்கியா, அது இங்கே திறக்காதே, அந்த மற்ற உருவத்தைத் தொட்டல்லவா போவேன்" என்று கை தானே தயங்கும். அந்த ஒரு விநாடித் தயக்கம் போதும். உலாவி சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொல்லுக்கும் நல்ல குணம் ஒன்று உண்டு: சேமித்த அதே முகவரியில் மட்டுமே அது தன்னை நீட்டும். நுழையும் உலாவியிலேயே ஒரு நாள் வங்கிப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல் தானாக வந்து நிற்கவில்லை என்றால், கையால் தட்டச்சு செய்யாதீர்கள். முகவரியைப் பாருங்கள்.

முகவரியை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். வகுப்பில் பலகையில் இப்படி எழுதிக் காட்டுவேன்: "உங்கள்வங்கி புள்ளி காம் புள்ளி எம்ஒய் புள்ளி பரிசு புள்ளி இன்ஃபோ". இடமிருந்து வாசித்தால் வங்கியின் பெயர்தான் முதலில் கண்ணில் படுகிறது. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசித் துண்டுகளைப் பாருங்கள்: "பரிசு புள்ளி இன்ஃபோ". இந்தத் தளம் மோசடிக்காரனுடையது. முன்னால் ஒட்டிய வங்கிப் பெயர் வெறும் முகமூடி. அரசாங்கப் பக்கம் என்றால் முகவரி "புள்ளி ஜிஓவி புள்ளி எம்ஒய்" என்று முடிய வேண்டும்.

வீடு சுத்தம் செய்து தருகிறோம், முன்பதிவுக்கு இந்தச் செயலியை இறக்குங்கள் என்று ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோருக்கு வெளியே செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பும் மோசடியும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. இதற்கு எந்த உலாவியும் முழுக் காப்பு இல்லை. "இந்தக் கோப்பு தீங்கானதாக இருக்கலாம்" என்று உலாவி எச்சரித்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே 997க்கு அழையுங்கள். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தடுத்து வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஆறாம் படி: பழைய உலாவியைக் கழுவுங்கள்

அந்த அக்காவின் கைப்பேசி மணியடித்ததற்கு வைரஸ் காரணம் இல்லை. ஏதோ ஒரு நாடகத் தளத்தில் "அறிவிப்புகளை அனுப்பலாமா?" என்று கேட்டபோது, படம் ஓடட்டும் என்று "அனுமதி"யைத் தொட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தளம் வேண்டியபோதெல்லாம் கதவைத் தட்டுகிறது. குரோமில் மூன்று புள்ளி, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போனோம். அனுமதி பெற்ற தளங்கள் பதினேழு இருந்தன. அவற்றில் அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. மற்ற பதினாறையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அவரே நீக்கினார். பிறகு அறிவிப்பு கேட்பதையே மொத்தமாக நிறுத்தினோம். எல்லாப் பக்கங்களையும் மூடினோம். அன்று மாலை வீட்டுக்குப் போகும்வரை கைப்பேசி ஒருமுறைகூட மணியடிக்கவில்லை.

தமிழுக்கு எது வசதி

தமிழ் எழுத்து இன்று எல்லா உலாவியிலும் சரியாகவே தெரியும். தட்டச்சுக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தைப் போட்டுக்கொண்டால் எந்த உலாவியிலும் தமிழில் தேடலாம்.

வேறுபாடு வருவது இரண்டு இடத்தில். மலாய்ப் பக்கத்தைத் தமிழில் மாற்றிக் காட்டுவதில் குரோம் கைகொடுக்கிறது; மூன்று புள்ளியில் "மொழிபெயர்" என்று இருக்கும். அறிவிப்பைப் புரிந்துகொள்ள அது போதும். ஆனால் விண்ணப்பத்தை மொழிபெயர்த்த நிலையில் நிரப்பாதீர்கள். சொல் இடம் மாறி, ஆம் என்பது இல்லை என்றாகிவிடலாம். மூல மொழிக்குத் திரும்பி நிரப்புங்கள்.

மற்றது எட்ஜின் உரக்க வாசிக்கும் வசதி. என் வகுப்புக்கு வரும் ஒரு பெரியவர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை. நாளிதழ் இல்லாமல் பொழுது விடியாத மனிதர், ஒரு வருடமாக யாராவது வாசித்துக் காட்டினால்தான் செய்தி என்று இருந்தார். எட்ஜில் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, உரக்க வாசி என்பதைத் தொட்டு, குரல் பட்டியலைக் காட்டினேன். அதில் தமிழ் என்று ஒன்று மட்டும் இல்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடு வாரியாகத் தமிழ்க் குரல்கள் இருக்கின்றன. மலேசியாவுக்குக் கனி என்று ஒரு பெண் குரல், சூர்யா என்று ஓர் ஆண் குரல். கனியைத் தேர்ந்தார். தலையங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, "இன்னொரு முறை போடு, தம்பி" என்றார். அவருக்கு எந்த உலாவி நல்லது என்ற கேள்விக்கு அத்துடன் பதில் கிடைத்துவிட்டது. வேகம், நினைவகம் எதையும் நாங்கள் அளக்கவில்லை.

வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு

நாடி எனும் சமூக இணைய மையத்திலோ நூலகத்திலோ இருக்கும் பொதுக் கணினியில் எந்த உலாவி இருக்கிறதோ அதுதான். அங்கே விருந்தினர் சாளரம் அல்லது தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து வேலை செய்யுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தனிப்பட்ட சாளரம் என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். மூடியதும் அது நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாற்றையும், தளங்கள் விட்டுவைக்கும் குக்கி எனும் சிறு குறிப்புகளையும் மறக்கும், அவ்வளவுதான். இணையச் சேவை தரும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். நீங்கள் இறக்கிய கோப்பும் கணினியிலேயே கிடக்கும். கேடபிள்யூஎஸ்பி அறிக்கையை இறக்கி அச்சிட்டீர்கள் என்றால், பதிவிறக்கங்கள் கோப்புறையைத் திறந்து, உங்கள் மைகார்டு (அடையாள அட்டை) எண் உள்ள அந்தக் கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.